ஆளில்லாத ஊரைப் பதிந்த வரைபடங்கள்

2000ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி எண்டெவர் விண்ணோடம் ஆறு பேருடன் புளோரிடாவிலிருந்து புறப்பட்டது. சுற்றுப்பாதையை அடைந்ததும் அதன் பக்கவாட்டிலிருந்து 60 மீட்டர் நீளமான ஒரு கம்பம் மெல்ல மெல்ல வெளியே நீண்டது. கம்பத்தின் நுனியில் ஒரு ராடார் அன்டெனா. விண்ணோடத்தின் உள்ளே இன்னொன்று. ஒற்றைக் கண்ணால் பார்ப்பவருக்குத் தூரம் பிடிபடாது, இரண்டு கண்ணும் வேண்டும் என்பதுபோல, இரண்டு அன்டெனாக்களும் ஒரே நிலத்தை இரு கோணங்களில் பார்த்து அதன் உயரத்தைக் கணித்தன. பதினொரு நாளில் உலக நிலப்பரப்பின் ஐந்தில் நான்கு பங்கு அளந்து முடிந்தது. வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகைவரை இருந்த எல்லா நிலமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே கிடக்கும் மயிலிட்டியும் சேர்ந்தது.

அன்றைக்கு மயிலிட்டியில் ஊரவர் ஒருவரும் இல்லை. 1990 ஜூன் 15இல் அவர்கள் போரினால் இடம்பெயர்ந்திருந்தார்கள். மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, முட்கம்பி வேலிக்குள் போயிருந்தது. சில நாள்களில் திரும்பலாம் என்று கிளம்பியவர்களுக்கு மயிலிட்டித் துறைமுகம் மறுபடி கிடைத்தது 2017 ஜூலை 3இல். அன்று விடுபட்டது ஏறக்குறைய 54 ஏக்கர். இடையில் போனது 27 ஆண்டு.

அந்த 27 ஆண்டுகளுக்குள்தான் உலகம் கணினி விளையாட்டுக்குள் போனது. மலையும் கடலும் வீதியும் கூரையும் எண்களாக மாறி, அந்த எண்களிலிருந்து விளையாட்டு உலகங்கள் எழுந்தன. மயிலிட்டியும் அவற்றுள் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. உலகத்தை எண்ணாக்கிய பெரும் அளவைகள் பலவும் அந்தக் கரையைக் கடந்தபோது அங்கே மக்கள் இல்லை என்பதுதான் இந்த வரலாற்றில் மயிலிட்டிக்குக் கிடைத்த தனி இடம்.

விளையாட்டுக்குள் உண்மையான நிலத்தைக் கொண்டுவரும் ஆசை விமானம் ஓட்டும் விளையாட்டுகளில்தான் தொடங்கிற்று. 1979இல் அமெரிக்கரான புரூஸ் ஆர்ட்விக் அப்பிள் 2 கணினிக்காக ஒரு விமான ஒப்புருவியை எழுதினார். அதன் உலகம் ஆறுக்கு ஆறு கட்டங்கள் மட்டுமே. கோடுகளால் ஆன தரை, கோடுகளால் ஆன மலை. அதன் வழிவந்து 1982இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட பதிப்பில் சிக்காகோவின் மெய்க்ஸ் விமானத்தளம் இருந்தது. விளையாடுபவர் கணினியை முடுக்கியதும் அந்த ஓடுபாதையில்தான் நிற்பார். ஒரு மெய்யான இடத்தின் ஏரிக்கரையையும் கட்டடங்களையும் அதில் அடையாளம் காண முடிந்தது. ஒரு தலைமுறையே சிக்காகோவைப் பார்க்காமலே அந்த ஓடுபாதையை அறிந்திருந்தது.

அதற்குப் பின் ஒவ்வொரு பதிப்பிலும் நிலம் பெருகியது. 1997இல் வந்த ஃபிளைட் அன்லிமிட்டெட் 2 என்ற விளையாட்டு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வான்படங்களைத் தரைமேல் விரித்தது. ஆனால் அது ஓர் ஊர், அதுவும் பணமும் படமும் நிறைந்த ஊர். உலகம் முழுவதையும் ஒரே விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டுமானால் உலகம் முழுவதற்குமான தரவு வேண்டும். அந்த வகையில் முதலில் கிடைத்தது, 1992இல் அமெரிக்கப் பாதுகாப்பு வரைபட முகமைக்காக எஸ்ரி நிறுவனம் உருவாக்கிய உலக எண்ம வரைபடம். விமானிகள் வழி பார்க்கப் பயன்படுத்தும் பத்து இலட்சத்துக்கு ஒன்று அளவிலான தாள்களை எண்ணாக்கியது அது. அந்த அளவில் ஒரு கிலோமீட்டர் ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். மயிலிட்டித் துறைமுகம் பென்சில் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துபோகும். 1990களின் பிற்பகுதியில் ஆர்வலர்கள் சேர்ந்து கட்டிய ஃபிளைட்கியர் என்ற இலவச ஒப்புருவி, அந்த வரைபடத்தின் அடுத்த பதிப்பிலிருந்துதான் தன் கடற்கரைகளை எடுத்தது. வடமராட்சிக் கரையும் வலிகாமக் கரையும் அதில் சில நேர்கோடுகள்.

எண்டெவரின் ராடார் அளவை வந்ததும் அந்த நிலை மாறியது. மலைகள் தம் உருவத்தில் எழுந்தன. ஃபிளைட்கியரும் எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு ஒப்புருவியும் அந்த உயரத் தரவை எடுத்துக்கொண்டு பூமியை ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற சதுரங்களாகக் கட்டின. யாழ்ப்பாண நகரமும் மயிலிட்டியும் பருத்தித்துறையும் 9, 80 என்ற ஒரே சதுரத்தில் அடங்கும். தீவகத்தின் பெரும்பகுதி மேற்கே அடுத்த சதுரத்துக்குப் போய்விடும்.

ஆனால் இமயமலைக்கு நன்றாகப் பொருந்திய அந்த அளவை குடாநாட்டில் தடுமாறியது. அதற்குக் காரணம் எளியது. அந்தத் திட்டம் உயரத்தில் 16 மீட்டர்வரை பிழை இருக்கலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் தரையோ கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் மேலே கிடக்கிறது. பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டரைத் தாண்டாது. அளவுகோலின் பிழை, அளக்கப்படும் பொருளைவிடப் பெரியது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த ராடார் அலை அடர்ந்த இலைகளைத் துளைத்துத் தரையைத் தொடுவதில்லை. மரத்தலைகளிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். பனங்கூடல் இருந்த இடம் எண்களில் சிறு மேடாகிவிடும். பத்தாண்டு ஆள்நடமாட்டம் இல்லாமல் பற்றையும் மரமும் மூடிய ஒரு கிராமத்தின் தரையை அந்த ராடார் எப்படிக் கண்டிருக்க முடியும்? விளையாட்டில் அந்தக் கரைமீது தாழப் பறப்பவருக்குத் தெரியும் மேடுபள்ளத்தில் எவ்வளவு நிலம், எவ்வளவு மரம் என்று பிரித்தறிய வழியில்லை.

ஒரு நிலத்தை எண்ணாக்கும் வேலை குடாநாட்டுக்குப் புதிதல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தபோது அவர்களுடன் வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ், கோயிற்பற்றுக் கோயிற்பற்றாகக் குடாநாட்டைச் சுற்றினார். 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய பெருநூலில் தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி என்று வரும் தேவாலய ஊர்களின் வரிசையில் மயிலிட்டியும் உண்டு. எந்த ஊரில் தேவாலயம், பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதே அவருக்கு முக்கியம். வரி வாங்க வந்தவர்களுக்கு வேறு கவலை. போர்த்துக்கேயர் தொடங்கிய தோம்பை ஒல்லாந்தர் விரிவாக்கினார்கள்: காணி யாருடையது, எவ்வளவு, என்ன கடமை. 1800 ஆகஸ்ட் 2இல் ஆளுநர் பிரெடரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். பின்னர் மலையுச்சிகளுக்கிடையே முக்கோணங்கள் வரைந்து தீவு முழுவதையும் அளந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் தாள்கள் வந்தன. ஒவ்வொரு அளவையும் அதைச் செய்வித்தவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. சபைக்கு ஆன்மாக்கள், கும்பினிக்கு வரி, பிரித்தானியருக்கு வீதியும் ரயில் பாதையும். விளையாட்டு உலகங்கள் இந்த மரபின் கடைசி வாரிசுகள். முந்தியவர் எதை எழுதாமல் விட்டாரோ அதை அவற்றால் கட்ட முடியாது.

அந்தப் பழைய தாள்களை இன்றைய செய்மதிப் படத்தின்மேல் அப்படியே வைத்தால் ஒரு விநோதம் நடக்கும். இலங்கையின் பழைய அளவை, நீர்கொழும்புப் பக்கத்துக் கந்தவளையை ஆதாரமாகக் கொண்டது; பூமியின் வடிவத்துக்கு 1830இல் எவரெஸ்ட் என்ற அளவையாளர் தந்த கணக்கைப் பின்பற்றியது. ஜீ.பி.எஸ். பின்பற்றுவது வேறு கணக்கு. இரண்டுக்கும் இடையே திருத்தம் செய்யாவிட்டால் எல்லாம் 200 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். மயிலிட்டி போன்ற கரையோர ஊரில் 200 மீட்டர் என்றால் கடற்கரை வீடு அலைக்குள் போய்விடும், அல்லது துறை வயலுக்குள் வந்துவிடும். பழைய வரைபடத்திலிருந்து விளையாட்டு செய்பவர்கள் முதலில் கற்கும் பாடம் இதுதான்.

இந்த அரசு வரைபடங்கள் எதிலும் வராத இன்னொரு வரைபடம் யாழ்ப்பாணத்தில் இருந்தது, இருக்கிறது. அது காணி உறுதி. குடாநாட்டில் காணிக்கெல்லாம் பெயர் உண்டு. தோட்டம், வளவு, புலம், கலட்டி என்று முடியும் அந்தப் பெயர்கள் உறுதியின் முதல் வரிகளில் வரும். பிறகு பரப்பளவு: பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதன்பின் நான்கு எல்லைகள். கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி, மேற்கே இன்னாரின் பிள்ளைகளுடையது, தெற்கே கோயில் நிலம். பங்குக் கிணறு இருந்தால் அதில் எத்தனை பங்கு, அதற்குப் போகும் வழி எது என்பதும் எழுதப்பட்டிருக்கும். அகலக்கோடு, நெடுங்கோடு எதுவும் கிடையாது. ஒவ்வொரு காணியும் அயற்காணியைச் சுட்டுகிறது. அயற்காணி தன் அயலைச் சுட்டுகிறது. அயலவர் அங்கே வாழும்வரை அந்த வரைபடம் துல்லியமானது. கதியால் நட்ட வேலி எங்கே போகிறது என்பதில் இரண்டு சாண் தவறினாலும் வழக்குக்குப் போன சமூகம் அது.

அயலே இல்லாமற் போனால்? கிளுவையும் பூவரசும் வேலியிலிருந்து மரமாகி, மரம் காடாகி, வீடுகள் பல இடிந்தும் இடிக்கப்பட்டும் போனபின், உறுதியில் எழுதிய எல்லை எதைச் சுட்டும்? 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. உறுதிகளைக் கையில் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். அந்த உறுதிகள் விவரித்த ஒழுங்கையும் வேலியும் அப்போது அவர்களுடைய நினைவிலும் தாளிலும் மட்டுமே இருந்தன. பின்னர் சில பகுதிகள் கட்டங்கட்டமாக விடுபட்டபோது திரும்பிப் போனவர்கள் தங்கள் வளவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கிணற்றுக்கட்டும் அத்திவாரத்தின் மிச்சமும்தான் பலருக்குத் தடயம்.

இதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்தில் பொதுமக்களே வரைபடம் வரையத் தொடங்கியிருந்தார்கள். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் யாரும் வரையலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கையில் ஜீ.பி.எஸ். கருவியோடு நடந்து வீதியைப் பதிவது ஒரு வழி. செய்மதிப் படத்தைப் பார்த்து அதன்மேல் வரைவது மற்றது. 2010 இறுதியில் மைக்ரோசொஃப்ட் தன் பிங் படங்களை இதற்குத் திறந்துவிட்டபின் இரண்டாம் வழி பெருகியது. எக்ஸ்-பிளேன் தன் பத்தாம் பதிப்பிலிருந்து உலகின் வீதிகளை இதிலிருந்து எடுத்தது. கைப்பேசி விளையாட்டான போகிமான் கோ 2017 டிசம்பரில் தன் வரைபடத்தை இதற்கு மாற்றிக்கொண்டது. தங்கள் ஊரில் போகிமான் கூடுதலாகத் தோன்றட்டும் என்று பூங்கா இல்லாத இடத்தில் பூங்கா வரைந்தவர்களும் உண்டு; மற்றவர்கள் அவற்றைத் தேடித் தேடி அழித்தார்கள்.

இலங்கைத் தமிழர் வாழும் ஒரு நகரம் இந்த வரைபடத்தில் மிக நுணுக்கமாக ஏறியிருக்கிறது: மட்டக்களப்பு. 2012, 2013 காலத்தில் உலக வங்கியின் ஆதரவோடு அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உள்ளூர் இளைஞர்களும் அரச அலுவலர்களும் சேர்ந்து, மண்முனை வடக்கில் ஏறக்குறைய 30,000 கட்டடங்களைப் பதிந்தார்கள். வெள்ளமும் சூறாவளியும் வந்தால் எந்தக் கட்டடம் தாங்கும் என்று அறிவது நோக்கம். ஆகவே கட்டடத்துக்கு எத்தனை மாடி, சுவர் எதனால் ஆனது, கூரை ஓடா தகரமா என்றெல்லாம் வீடு வீடாகப் பார்த்து எழுதினார்கள். ஒரு விளையாட்டு உலகத்தைக் கட்டுபவர் கேட்பதும் இதே கேள்விகளைத்தான். அனர்த்தத்துக்காகச் சேர்த்த தரவிலிருந்து மட்டக்களப்பை வீடு வீடாக, கூரை கூரையாக எழுப்பலாம்.

மயிலிட்டிக்கு அந்த வாய்ப்பு அப்போது இருக்கவில்லை. பலாலி வேலியோரம் கையில் ஜீ.பி.எஸ். பிடித்து ஒழுங்கை அளந்து நடப்பதை 2012இல் யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. அதே 2012 செப்டெம்பரில் கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஆர்மா 3 என்ற போர் விளையாட்டின் களமாக அந்தத் தீவை எடுத்திருந்தது செக் நாட்டு நிறுவனமான பொஹேமியா இன்டராக்டிவ். அதன் ஊழியர் இருவர் தீவுக்குப் போனபோது இராணுவ நிலையங்களைப் படம் எடுத்ததாக ஒற்றர் குற்றச்சாட்டில் கைதானார்கள். விடுமுறைக்குத்தான் போனார்கள் என்றது நிறுவனம். 2013 ஜனவரியில்தான் பிணையில் வெளியே வந்தார்கள். விளையாட்டு வெளியானபோது தீவின் பெயர் அல்டிஸ் என்று மாறியிருந்தது. கரையின் வளைவும் ஊர்களின் அமைப்பும் லெம்னோஸுடையவைதான். இராணுவம் இருக்கும் நிலத்தை அளப்பவர் மேல் எந்த அரசும் கண் வைத்திருக்கும். மயிலிட்டியை அளக்க நினைத்தாலும் ஊரவர் வேலிக்கு வெளியேதான் இருந்தார்கள்.

2020 ஆகஸ்ட் 18இல் மைக்ரோசொஃப்ட் தன் விமான ஒப்புருவியின் புதிய பதிப்பை வெளியிட்டபோது, சதுரம் சதுரமாகப் பூமியைக் கட்டும் வேலை ஓர் எல்லையைத் தொட்டது. பிரான்சின் போர்தோ நகரிலுள்ள அசோபோ ஸ்டூடியோ அதைச் செய்தது. பிங் வரைபடத்தின் செய்மதி, வான் படங்கள் இரண்டு பெட்டாபைட்டுக்கு மேல். ஒரு பெட்டாபைட் என்பது பத்து இலட்சம் கிகாபைட். ஓஸ்திரியாவின் கிராஸ் நகரிலிருக்கும் பிளாக்ஷார்க் என்ற நிறுவனம், தட்டையான அந்தப் படங்களைக் கணினிக்குக் காட்டி, எது கூரை, எது மரம் என்று கண்டுபிடிக்கப் பழக்கியது. கூரையின் வடிவத்தைப் பார்த்துச் சுவரும் மாடியும் கணினியே ஊகித்து எழுப்பியது. அப்படி எழுந்த கட்டடங்கள் 150 கோடி. உலகெங்கும் 37,000 விமான நிலையங்கள்.

ஊகம் எங்கே தவறும் என்பதும் உடனே தெரிந்தது. மெல்பேர்ண் நகரின் ஃபோக்னர் என்ற அமைதியான புறநகரில், சிறு வீடுகளின் நடுவே வானைத் தொடும் ஒல்லியான கோபுரம் ஒன்று நின்றது. ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் வரைந்த ஒருவர் 2 மாடி என்று எழுத நினைத்து 212 என்று தட்டிவிட்டார். பின்னர் அது திருத்தப்பட்டும், பிழையோடு இருந்த பிரதி விளையாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான மெய்நிகர் விமானிகள் அதைப் பார்க்கப் பறந்தார்கள். இலண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனை சாதாரண அலுவலகக் கட்டடமாக எழுந்திருந்தது. கணினிக்கு அரண்மனையென்றும் அலுவலகமென்றும் தெரியாது; பெரிய கூரை ஒன்று, அவ்வளவே.

கூரையே இல்லாத ஊரை அது என்ன செய்யும்? பற்றை மூடிய வளவைச் செய்மதி பார்க்கும்போது அது பச்சை. பச்சை என்றால் மரம். கூரை இழந்த நான்கு சுவர்களைக் கட்டடமென்று கொள்ள அந்தக் கணினிக்கு ஆதாரமில்லை. எந்த ஆண்டில் எடுத்த படம் கையில் இருக்கிறதோ, அந்த ஆண்டின் ஊரே விளையாட்டில் எழும். 2017க்கு முந்திய படமானால் காடு எழும். அந்தக் காட்டுக்கு அருகே, பலாலியின் ஓடுபாதை மட்டும் தெளிவாக இருக்கும். பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோன் தன் முதற்பறப்பை இரத்மலானையிலிருந்து இந்தத் தளம் வழியாகவே சென்னைக்கு நடத்தியது. 2019 ஒக்டோபர் 17இல் அது யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. உலக விமானப் பட்டியல்களில் வீ.சீ.சீ.ஜே. என்ற குறியீட்டுடன் அது பதிவாகியிருக்கிறது. ஓடுபாதையின் நீளம், திசை, உயரம் எல்லாம் பிசகாத எண்கள். விமானத்துக்கு வேண்டியது அதுதான் என்பதால் விளையாட்டும் அதைத்தான் கவனமாகப் பதியும். ஊரை வெளியே தள்ளிய வேலியின் உள்ளே இருந்ததுதான் அந்த ஓடுபாதை.

சிக்காகோவின் மெய்க்ஸ் தளத்துக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 2003 மார்ச் 30 இரவு, முன்னறிவிப்பு இல்லாமல் நகர மேயரின் ஆணையில் மண்வாரி இயந்திரங்கள் வந்து ஓடுபாதையில் பெரிய குறிகளைக் கிழித்துப் போட்டன. தளம் முடிந்தது. ஆனால் அது இயங்கிய நாள்களிலேயே இருபது ஆண்டு விளையாட்டுக்குள் பதிந்திருந்தது; அதே ஆண்டு வெளியான பதிப்பிலும் இருந்தது. இன்றும் பழைய பதிப்பை முடுக்குபவர் அங்கிருந்து கிளம்பலாம். உயிரோடிருந்தபோது பதியப்பட்ட இடம், அழிந்தபின்னும் விளையாட்டில் இயங்குகிறது. மயிலிட்டி உயிரோடிருந்த 1990க்கு முந்திய நாள்களில் இந்த வகையான பதிவுக்கு யாரும் அங்கே வரவில்லை. வந்தபோது ஊர் இல்லை. வள்ளமும் இயந்திரப் படகும் நிறைந்து, வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக இருந்த கரை, எண்களின் உலகில் பச்சைத் திட்டாக நுழைந்தது.

இது திருத்த முடியாத குறையன்று. டென்மார்க் ஒரு வழியைக் காட்டியது. 2014 ஏப்ரலில் அந்நாட்டு அரசின் நில அளவை முகமை, நாடு முழுவதையும் எல்லாவற்றையும் கட்டைகளால் அடுக்கும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் கட்டிக் கொடுத்தது. ஒரு கட்டை ஒரு மீட்டர். மொத்தம் நான்கு இலட்சம் கோடிக் கட்டைகள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தெருவில் நடந்து படிக்கட்டும் என்பது நோக்கம். சில வாரங்களில் யாரோ உள்ளே வெடிவைத்து ஒரு பகுதியைத் தகர்த்து அமெரிக்கக் கொடி நட்டார்கள். முகமை அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அரசின் உயரத் தரவும் கட்டடத் தரவும் முந்திய ஆண்டே எல்லாருக்கும் இலவசமாகியிருந்ததால்தான் இது முடிந்தது. 2020இல் உலகெங்குமுள்ள விளையாட்டுக்காரர்கள், பூமி முழுவதையும் அதே அளவில் கட்டும் முயற்சியைத் தொடங்கினார்கள். அங்கே தரையைத் தருவது உயரத் தரவு. வீட்டைக் கட்டுவது மனிதக் கை.

அந்த அளவில் யாழ்ப்பாணத்து ஒரு பரப்புக் காணி ஏறக்குறைய 253 கட்டை. நான்கு பரப்பு வளவு ஆயிரம் கட்டைக்குக் கொஞ்சம் மேல்.

1990க்கு முந்திய மயிலிட்டியைக் கட்ட ஆதாரம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1956இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனேடிய நிறுவனமொன்று இலங்கையை வானிலிருந்து படம் பிடித்தது. அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எடுத்தவை அவை. எண்டெவர் செய்ததையே அவற்றைக் கொண்டும் செய்து உயரத்தைக் கணிக்கலாம். 1960 முதல் 1972வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செய்மதிகள் எடுத்த எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் 1995இல் இரகசியப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. அவற்றில் நல்ல படங்களில் இரண்டு மீட்டர் அளவான பொருளையும் காணலாம். கூரைகள், தோட்டங்களின் கட்டங்கள், கரையில் வரிசையாக இழுத்துவிட்ட படகுகள்வரை அந்த நுணுக்கத்தில் பிடிபடும். காங்கேசன்துறை வெளிச்சவீடு 1893இல் கட்டியது. எந்தப் பழைய படத்தையும் இன்றைய படத்தோடு பொருத்த அப்படி அசையாத சில புள்ளிகள் போதும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ம நூலகத்தில் ஊர் மலர்களும் கோயில் மலர்களும் பாடசாலை வெளியீடுகளும் குவிந்திருக்கின்றன. மயிலிட்டிக் கலைமகள் மகா வித்தியாலயத்தின் மண்டபமும் காணிக்கை மாதா தேவாலயத்தின் முகப்பும் எப்படி இருந்தன என்று கட்டுபவர் தேட வேண்டியது இத்தகைய பக்கங்களில்தான்.

வான்படத்தில் வராதவைதான் அதிகம். ஒழுங்கையின் மேல் இருபுற வேலி மரங்களும் கவிந்துவிட்டால் செய்மதிக்கு ஒழுங்கையே இல்லை. பங்குக் கிணறு மூன்று மீட்டர் அகலத்தில் நிழலுக்குள் கிடக்கும். கடலை எந்த விளையாட்டும் தட்டையான நீலத் தாளாக விரித்துவிடும். அந்தக் கரையின் கடற்றொழிலாளிக்கோ கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவந்து தன் இடத்தைக் கடலில் பிடிக்கத் தெரியும். வாடைக்கு எங்கே, சோழகத்துக்கு எங்கே என்று பருவத்துக்கொரு கணக்கும் உண்டு. உறுதியிலுள்ள காணிப் பெயரை எந்தக் கூரையின்மேல் எழுதுவது என்பதை அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவரே சொல்ல முடியும்.

அதற்கிடையில் இன்றைய மயிலிட்டியும் மாறிக்கொண்டேயிருக்கிறது. புதுப்பித்த துறைமுகம் 2019 ஆகஸ்டில் திறந்தது. மூன்றாம் கட்ட வேலையை 2025 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். வரும் படங்களில் புது அணைகளும் புதுக் கூரைகளும் இருக்கும். அவற்றிலிருந்து எழும் விளையாட்டு உலகங்களில் ஆள் வாழும் ஒரு மயிலிட்டி வரும். அது திரும்பியவர்களின் ஊர். முந்தியதைத் தனியே கட்ட வேண்டும்; அதற்கு 1956இன் படங்களைக் கணினியில் விரித்து, உறுதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வளவு எது என்று கேட்டுக் கேட்டுக் குறிக்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். 1990இல் இருபது வயதில் கடலுக்குப் போனவர் இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். அன்று நாற்பதில் உறுதி எழுதியவருக்கு எழுபத்தைந்துக்கு மேல். வேலை இவரிடமிருந்து தொடங்க வேண்டும்.